ட்ரெய்லர் ஏறப் போகிற தம்பிகளுக்கு: ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் சங்கிலியைத் தொடுங்கள்

என் மச்சான் மகன் போன மாசம் வீட்டுக்கு வந்தான். "மாமா, ஹெவி லைசென்ஸ் வாங்கிட்டேன், சங்ககிரியில ஒரு ஓனர் பிளாட்பெட் ட்ரெய்லர் தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றான். சந்தோஷம்தான். "லோடு கட்டத் தெரியுமாடா?" என்று கேட்டேன். "அதெல்லாம் லோடுமேன் கட்டிடுவாங்க மாமா" என்றான். அன்றைக்கு ராத்திரி சோறு ஆறிப்போகிற அளவுக்கு அவனிடம் பேசினேன். அதில் பாதியையாவது எழுதி வைத்தால் அவனைப் போல இறங்கப் போகிற இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியதால் இது.

முதலில், பிளாட்பெட் என்றால் என்ன? கண்டெய்னரில் நாலு பக்கமும் சுவர் இருக்கிறது, நம் நாமக்கல் பாடி கட்டிய லாரியில் மரப் பலகையாவது இருக்கிறது. பிளாட்பெட்டில் தரை மட்டும்தான். முன்னால் ஒரு தடுப்பு இருக்கும், சில வண்டியில் அதுவும் பேருக்குத்தான். மேலே ஏற்றியது உங்கள் கட்டு நிற்கிற வரைக்கும்தான் நிற்கும். சேலம் பக்கம் இந்த வண்டிக்கு வேலை குறைவே இல்லை. கஞ்சமலை அடிவாரத்தில் ஸ்டீல் பிளான்ட், அங்கிருந்து ஸ்டெயின்லெஸ் காயிலும் (பாய் மாதிரி சுருட்டிய தகடு) தட்டைத் தகடும். மேட்டூர் ரோட்டில் பொட்டனேரி ஆலை, அங்கே இரும்புக் கம்பி, ராடு. இது போக கிரானைட் பிளாக், டிரான்ஸ்ஃபார்மர், ஜேசிபி, திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களின் சாமான், குழாய். வடக்கே எந்த ரோட்டில் போனாலும் டிஎன் 28, 34, 52 என்று நம்பர் போட்ட வண்டி ஒன்றாவது எதிரே வரும், ஹாரன் அடித்து ஒரு கை காட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கூட்டத்தில்தான் நீங்கள் சேரப் போகிறீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இருபது வயது ஆகியிருக்க வேண்டும். கார் ஓட்டுகிற லைசென்ஸ் கையில் இருந்து ஒரு வருடம் முடிந்திருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்கு எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், தருவார்கள். டாக்டரிடம் படிவம் 1ஏ, அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டதற்கு படிவம் 5, எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் கழிந்த பிறகு டெஸ்ட். எட்டாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் படிப்பைக் காரணம் காட்டிப் பணம் கேட்கும் புரோக்கரை நம்ப வேண்டாம். கனரக லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், நிறைய பேர் கார் லைசென்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பணமும் நேரமும் இருந்தால் நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி நிலையம் இருக்கிறது, ரிவர்ஸ் எடுப்பதையெல்லாம் ரோட்டில் கற்றுக்கொள்வதை விட மைதானத்தில் கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆனால் லைசென்ஸ் வாங்கிய மறுநாளே ட்ரெய்லர் சாவியை வாங்காதீர்கள். ஓனர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆறு மாசம் ஒரு பழைய டிரைவர் கூட கிளீனராகவோ செகண்ட் டிரைவராகவோ போங்கள். இப்போதெல்லாம் ஓனர்கள் கிளீனரே போடுவதில்லை, பேட்டா மிச்சம் என்று டிரைவரைத் தனியாக அனுப்புகிறார்கள், அதனால் கட்டுகிற வேலையைச் சொல்லித்தர ஆளே இல்லாமல் போய்விட்டது. அந்த ஆறு மாசம் வருமானம் குறையும், வீட்டில் பேச்சு வரும், பரவாயில்லை.

நான் கட்டுப் பழகியது ட்ரெய்லரில் இல்லை, ஏற்காட்டில். எஸ்டேட்டுகளில் காபிச் செடிக்கு நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் சில்வர் ஓக் நட்டிருப்பார்கள் இல்லையா, அந்த மரத்தை வெட்டி இறக்குகிற ஒரு சின்ன லாரியில் இரண்டு வருடம் கிளீனராக இருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே எஸ்டேட்டில் இறுக்கிக் கட்டிய கயிறு பத்தாவது வளைவு வருவதற்குள் தொளதொளவென்று ஆகிவிடும். எங்கள் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "போய் தட்டிப் பாருடா" என்பார். கட்டையைத் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். உருண்டைக் கட்டைகள் குலுங்கக் குலுங்க ஒன்றின் இடுக்கில் ஒன்று இறங்கிப் படியும், குவியல் இரண்டு விரக்கடை தாழும், கயிறு அதே நீளம்தான், அப்புறம் எப்படி இறுக்கமாக இருக்கும்? கம்பிக் கட்டும், குழாயும், மூட்டையும் இதே கதைதான். கிளம்பும்போது இறுக்கியது இறுக்கியதாகவே இருக்கும் என்று நினைப்பதுதான் புதுசாக வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கிளம்பி முதல் ஐம்பது மைலுக்குள், அதாவது எண்பது கிலோமீட்டருக்குள், டிரைவர் நிறுத்தி இறங்கிக் கட்டைப் பார்த்தாக வேண்டும். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் அல்லது நூற்றைம்பது மைல், எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி பார்க்க வேண்டும். நம் ஊரில் யாரும் இதற்கு உங்களைப் பிடிக்கப் போவதில்லை, நீங்களாகச் செய்தால்தான் உண்டு. நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்வேன். சேலத்தில் ஏற்றி உளுந்தூர்பேட்டை ரோட்டில் சென்னை போகிறீர்களா, வாழப்பாடியில் ஒரு டீ. கொச்சி ரோட்டில் போகிறீர்களா, சங்ககிரி தாண்டுவதற்குள் ஒரு டீ. டீக்காகத்தான் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வரலாம்.

அந்த வாழப்பாடி டீ ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது. ட்ரெய்லர் ஏறி மூன்றாவதோ நாலாவதோ டிரிப். ஸ்டெயின்லெஸ் தகடு, பாக்கெட் பாக்கெட்டாக. லோடு மேல் கட்டுகிற பெல்ட் போட்டேன், தகட்டு முனையில் பெல்ட்டுக்கு அடியில் எதுவும் வைக்கவில்லை, அவசரம், பின்னால் இரண்டு வண்டி லோடுக்கு நிற்கிறது, கேட்டில் கத்துகிறார்கள். டீக்கு இறங்கிப் பார்த்தால் ஒரு பெல்ட் முக்கால்வாசி அறுந்து நூல் நூலாகத் தொங்குகிறது. தகட்டின் விளிம்பு அரிவாள் மாதிரி இருக்கும், வண்டி குலுங்கக் குலுங்க பெல்ட்டை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. முப்பது சொச்சம் கிலோமீட்டரில் அந்த நிலைமை. அன்றிலிருந்து பழைய டயரை வெட்டி அரையடித் துண்டாக ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன். கடையில் கார்னர் புரொடெக்டர் என்று பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் டயர்த் துண்டு பஞ்சர் கடையில் சும்மாவே கிடைக்கும்.

சரி, இப்போது ஒரு கணக்கு. பொறுமையாகப் படியுங்கள், இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

பெல்ட்டில் நீலக் கலரில் ஒரு லேபிள் தைத்திருப்பார்கள். ஐந்து டன் பெல்ட் என்று சொல்லி விற்பார்கள். அந்த லேபிளைப் பிரித்துப் படித்தால் எல்.சி. (LC) என்று ஒரு எண், எஸ்.டி.எஃப். (STF) என்று இன்னொரு எண் இருக்கும். எல்.சி. என்பது பெல்ட் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பது. எஸ்.டி.எஃப். என்பது ராட்செட்டை, அதாவது பெல்ட்டை முறுக்கி இறுக்குகிற கைப்பிடியை, கையால் இறுக்கும்போது பெல்ட்டில் உண்மையில் எவ்வளவு இழுவை ஏறும் என்பது. சாதாரண இரண்டு இஞ்சு பெல்ட்டில் இது சுமார் 300 கிலோ அளவுக்குத்தான் வரும். அதாவது ஐந்து டன் பெல்ட்டை நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாலும் அது லோடை ஐந்து டன்னுக்கு அமுக்காது. ஒரு பக்கம் 300, மறுபக்கம் 300, ஆக 600 கிலோ அமுக்கும், அதுவும் பெல்ட் செங்குத்தாக இறங்கினால். படுத்தவாக்கில் 30 டிகிரியில் இறங்கினால் அதில் பாதிதான்.

இப்போது இருபது டன் காயில் ஒன்றை மரத்தின் மேல் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சடன் பிரேக் போட்டால் லோடின் எடையில் 80 சதவீத அளவுக்கு முன்பக்கம் தள்ளும் என்றுதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் 16 டன் தள்ளுகிறது. மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள பிடிப்பு நல்லபடியாக இருந்தால் 30 சதவீதம் என்று வையுங்கள், அது 6 டன்னைப் பிடித்துக்கொள்ளும். பாக்கி 10 டன். ஒரு பெல்ட் 600 கிலோ அமுக்கினால் அதில் 30 சதவீதம், அதாவது 180 கிலோதான் பிடிப்பாக மாறும். பத்தாயிரத்தை நூற்றெண்பதால் வகுத்துப் பாருங்கள். ஐம்பத்தாறு பெல்ட் வேண்டும்! யாரிடம் இருக்கிறது ஐம்பத்தாறு பெல்ட்? நாம் ஆறு போட்டுவிட்டு சாமி கும்பிட்டுக் கிளம்புகிறோம்.

அதனால் மேலே பெல்ட் போட்டு அமுக்குவதை மட்டும் நம்பி பாரமான லோடு எடுக்க முடியாது. லோடு நகர முடியாதபடி அடைக்க வேண்டும், நேராகப் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும். காயில் படுத்த நிலையில், கண் (நடுவில் இருக்கிற ஓட்டை) பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஏற்றினால் உருளும், அதற்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்து, ஆப்பு நகராதபடி ஆணி அடித்தோ தொட்டில் மாதிரி சட்டம் போட்டோ உட்கார வைக்க வேண்டும். கண் வழியாகச் சங்கிலி விட்டு முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்காக இழுக்க வேண்டும். இப்படி நேராக இழுத்துக் கட்டும்போதுதான் சங்கிலியின் முழு பலமும் வேலை செய்யும். கண்ணியில் 8 என்று பொறித்த கிரேடு 80 சங்கிலி, 10 எம்எம், நேர் இழுவைக்கு ஆறு டன்னுக்கு மேல் தாங்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய சங்கிலியில் அந்த எண்ணே இருக்காது, அது கிணற்றில் வாளி இறக்கக் கட்டின சங்கிலியாகக்கூட இருக்கலாம், தொடாதீர்கள். லோடுக்கு அடியில் ரப்பர் பாய் விரித்தால் பிடிப்பு 60 சதவீதம் வரை ஏறும். மேலே போட்ட கணக்கில் முப்பதுக்குப் பதில் அறுபதைப் போட்டுப் பாருங்கள், ஐம்பத்தாறு பெல்ட் பன்னிரண்டுக்குள் வந்து நிற்கும். அதே தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் இதெல்லாம் தலைகீழ். காயில் மேல் எண்ணெய் பூச்சு இருக்கிறதா, ட்ரெய்லர் தரையில் கிரீஸ் இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே துடைத்துப் பாருங்கள், மண்ணைப் பெருக்கித் தள்ளுங்கள்.

லோடை எங்கே வைப்பது என்பதையும் கிரேன் ஆபரேட்டரிடம் விட்டுவிடக் கூடாது. அவருக்கு அடுத்த வண்டி முக்கியம். ரொம்ப முன்னால் வைத்தால் குதிரை (ட்ரெய்லரை இழுக்கிற முன் வண்டி) மேல் பாரம் ஏறும், ரொம்பப் பின்னால் வைத்தால் குதிரையின் சக்கரம் ஏற்றத்தில் பிடிக்காமல் சுற்றும், ஸ்டியரிங் லேசாகிவிடும். "அண்ணே, இன்னும் ரெண்டடி பின்னாடிங்க" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். கோபப்படுவார். படட்டும். ஆலைக்குள் ஹெல்மெட், சேஃப்டி ஷூ இல்லாமல் விடவே மாட்டார்கள், செருப்போடு போய் கேட்டில் அரை நாள் நிற்காதீர்கள். தார்ப்பாய் போட லோடு மேல் ஏறும்போதுதான் நிறைய பேர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள், காற்றடிக்கிற நேரத்தில் தனியாக ஏறவே ஏறாதீர்கள், தார்ப்பாய் பாய்மரம் மாதிரி ஆளைத் தூக்கிவிடும்.

ஓட்டுவதைப் பற்றி இரண்டே விஷயம். ஒன்று, திருப்பத்தில் ட்ரெய்லரின் வால் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதனால் குதிரையை வெளியே விட்டு அகலமாக எடுக்க வேண்டும். கொண்டலாம்பட்டி மாதிரி இடத்தில் அந்த இடைவெளியில் ஒரு டூவீலர் நுழைவான், நிச்சயமாக நுழைவான், இடது கண்ணாடியில் ஒரு கண் இருக்கட்டும். ட்ரெய்லரைக் குதிரையில் மாட்டிய பிறகு குதிரையை ஒரு தடவை லேசாக முன்னால் இழுத்துப் பார்த்து, இரண்டையும் இணைக்கிற கிங் பின் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிக் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்குகிற அந்தக் கணவாயில், இரட்டைப் பாலம் பக்கத்தில், எத்தனை விபத்து என்று நம் ஊர் பேப்பர் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வண்டி டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குவதால் வருவது. நியூட்ரல் போட்டால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், முழு பாரமும் பிரேக் லைனிங் மேல் விழும், லைனிங் சூடேறி ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் ஓரம் கட்டுங்கள். ஏர் மீட்டரைப் பாருங்கள், எங்காவது புஸ்ஸென்று சத்தம் வருகிறதா கேளுங்கள், கட்டைத் தட்டிப் பாருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கை (இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிறது) போட்டுவிட்டு, பலகையில் போட்டிருக்கிற வேகத்தில் இறங்குங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது இருபது டன் இரும்பு, அவனுக்கு அது தெரியாது.

எடையிலும் பேப்பரிலும் ஏமாறாதீர்கள். ட்ரெய்லருக்கு வண்டியோடு சேர்த்து உச்ச வரம்பு 55 டன், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஆர்சியில் இருக்கும். அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000, கூடுதலை இறக்கிவிட்டுத்தான் போக முடியும். எடை போட நிறுத்தச் சொல்லி நிற்காமல் போனால் 40,000. கம்பியோ குழாயோ பாடிக்கு வெளியே நீட்டினாலும் அதே 20,000, ராத்திரியில் பின்னால் வருகிற பைக்காரன் உயிர் தனி. "நான் பார்த்துக்கறேன் போப்பா" என்று ஓனர் போனில் சொல்வார், செக்போஸ்ட்டில் நிற்பது நீங்கள். எடை மேடையில் காலி எடை, லோடு எடை இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) பகுதி பி-யில் உங்கள் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஒரு எண் மாறினாலும் ரோட்டில் நிறுத்திவிடுவார்கள். சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லும், அளவு மீறிய பெரிய லோடு என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி படுத்துவிட்டால் உடனே ஓனருக்குச் சொல்லி நீட்டிக்கச் சொல்லுங்கள்.

சம்பளம் பேசும்போது டிரிப்புக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்பதோடு, லோடுக்குக் காத்துக் கிடக்கிற நாளுக்கு என்ன, அபராதம் யார் கணக்கு, ஏத்துக்கூலி இறக்குக்கூலி யார் கணக்கு, பெல்ட் சங்கிலி யார் வாங்குவது, இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டை பக்கம் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பழைய டிரைவர்களிடம் அந்த ஓனர் எப்படி என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஜாதகமே சொல்லிவிடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்று 1961-ல் வந்த சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் வரும். ஆனால் அந்த அரை மணி ஓய்வையாவது விட்டுக்கொடுக்காதீர்கள், கண் சொருகுகிறது என்றால் ஓனர் போனை எடுக்காமல் படுத்துத் தூங்குங்கள். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற புது லாரிகளுக்கு கேபினில் ஏசி கட்டாயம் ஆகிவிட்டது, சேலம் வெயிலில் முப்பது வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மச்சான் மகன் கடைசியில் ஓனரிடம் பேசி, நாலு மாசம் இன்னொரு டிரைவர் கூட போகிறேன் என்று ஒத்துக்கொண்டான். நான் ஆறு சொன்னேன், அவன் நாலில் நிற்கிறான். முந்தாநாள் முதல் லோடு, பொட்டனேரியிலிருந்து கம்பி. கட்டி முடித்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன், அனுப்பினான். இரண்டாவது சங்கிலியில் கொக்கி திரும்பி மாட்டியிருந்தது. போன் போட்டுச் சொன்னேன், கழற்றி மாட்டிவிட்டு மறுபடி ஒரு போட்டோ அனுப்பினான்.